வளைவை மூடியவன் எழுதுவது

பவளம் மாமி இறந்த செய்தி எனக்கு ஒரு படத்தோடு வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வந்துவிட்டது, கோபம் இன்னும் போகவில்லை. அதனால் இந்த நினைவு மலரில் என் பக்கம் மற்றப் பக்கங்களைப் போல இருக்காது. எழுதச் சொன்னவர் மாமியின் மகள் சுகி அக்கா. "உள்ளதை எழுது, பூசி மெழுகாதை" என்றார். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம்.

அன்று காலை அரியாலையில், கடல்நீரேரிப் பக்கமாக ஒரு வளவில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். நான் பெக்கோ என்கிற மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். இயந்திரத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது தொலைபேசி அதிர்ந்தது. பதுங்குகுழிப் பாதுகாப்புக் குழுவின் வட்சப் செய்தி. "எமது மரபுரிமைச் சின்னத்தின் காப்பாளர் திருமதி பவளம் சிவராசா இறைபதம் எய்தினார்." கீழே படம். பதுங்குகுழி வாசலில் மாமி நிற்கிறார். பின்னால் வெள்ளை மாபிள் படிகள். வலது கையை நீட்டி எதையோ காட்டுகிறார். பார்க்கிறவர்களுக்கு, வந்தவர்களுக்கு அவர் வரலாற்றை விளக்குகிறார் என்றே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அந்தப் படத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் படம் எடுத்தபோது நான் அங்கே நின்றேன். மாமி எதையும் விளக்கவில்லை. ஏசிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் கழித்துச் சுகி அக்கா எடுத்தார்.

"தம்பி, அம்மா எங்களை விட்டுப் போட்டா."

"தெரியும் அக்கா. படம் வந்தது."

"ஆர் போட்டது?"

"குழு."

பிறகு சொன்னார்: "நான் இன்னும் அம்மான்ரை தம்பிக்கே சொல்லேல்லையடா."

பதுங்குகுழியைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கோப்பாயில் எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்தில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், மாமியின் வளவு. குண்டு போடும் பொம்பர் விமானங்கள் வந்த காலத்தில் மாமியும் அவர் கணவர் சிவராசாவும் வளவின் முன்மூலையில் அந்தப் பங்கரை வெட்டினார்கள். செம்மண்ணைத் தோண்டி, கல் வந்ததும் அலவாங்கால் உடைத்து, மேலே பனங்குத்திகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. கழற்றிய ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளும் சுவருக்கு வந்தன. "அந்தக் காலத்திலை எங்கடை ரயில் பாதை நிலத்துக்குக் கீழைதான் ஓடினது, வளவுக்கு வளவு" என்று மாமி சொல்வார்.

அதன் வடிவம் 'ட' எழுத்து. படியால் இறங்கி நேரே நாலைந்து அடி போனால் ஒரு சுவர் மறிக்கும். அங்கே வலப்பக்கம் திரும்பினால்தான் ஆட்கள் குந்தியிருக்கும் பகுதி. வாசலில் நிற்கிறவருக்கு உள்ளே இருக்கும் ஒருவரும் தெரியமாட்டார்கள்.

அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு இருபத்து நான்கு வயது. கோப்பாய்க்கு மேலே பொம்பர் சுற்றிய காலத்தில் நான் பிறக்கவே இல்லை. கம்பஸை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன். வகுப்பில் ஒரு மணித்தியாலம் இருக்க முடியாது, பெக்கோவில் நாள் முழுக்க இருக்க முடியும். பதுங்குகுழியைப் புதுப்பிக்கக் குழு ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தது, ஒப்பந்தக்காரர் என்னைப் பிடித்தார்.

மாமி பங்கர் இருந்த அரைப் பரப்புக் காணியைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரேயொரு நிபந்தனை, அதையும் வாயால்தான் சொன்னார்: "இருந்தமாதிரியே இருக்கட்டும்." குழுத் தலைவர் தலையாட்டினார். அந்த மாதமே மாமியைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். அவர் வாட்டில் கிடந்த ஏழு கிழமைக்குள் நாங்கள் வேலையை முடித்தோம்.

தலைவர் ஒருநாள் குழிக்குள் இறங்கினார். வளைவில் அவருடைய தோள் முட்டி வெள்ளைச் சட்டையில் செம்மண் ஒட்டிக்கொண்டது. தட்டிக்கொண்டே மேலே வந்தார்.

"தம்பி, உது சரிவராது. நாளைக்கு ஒரு அதிதி மாலையும் கழுத்துமா இறங்கினா உதுக்குள்ளை எப்பிடித் திரும்புறது? நேரா வெட்டு. ஒரு பக்கத்தாலை இறங்கி மற்றப் பக்கத்தாலை ஏறட்டும்."

"அப்ப வலப்பக்கம் இருக்கிறது?"

"அதை மண் போட்டு மூடு. சும்மா இருட்டு."

நான் வேறொன்றும் கேட்கவில்லை. மறித்த சுவரை உடைத்தேன். அதில் நின்ற சிலிப்பர் கட்டையை இழுத்து எறிந்தேன். நேராக வெட்டினேன். வெட்டிய மண்ணை வலப்பக்கத்துக்குள் கொட்டி மூடினேன். அதன் வாயை மேசன்மார் சுவர் வைத்து அடைத்தார்கள். அந்தச் சுவரில் ஒருவர் விமானத்தையும் பயந்த முகங்களையும் வரைந்தார். கீழே மாபிள், மேலே கொங்கிறீற். ஒரு முனையில் நின்றால் மறுமுனை வெளிச்சம் தெரிந்தது. நல்ல வடிவாய் இருக்கிறது என்று நானே படம் எடுத்து முகநூலில் போட்டேன். நிறையப் பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.

திறப்பு விழாவன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட மாமியை நேரே ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். பாதி ஆளாக மெலிந்திருந்தார். குத்துவிளக்கு, நாதஸ்வரம், நாடா வெட்டல் எல்லாம் நடந்தன. அவரை முதல் ஆளாக இறக்கினார்கள். நாங்கள் மேலே நின்று கைதட்டினோம். அரை நிமிடத்தில் மற்ற வாசலால் ஏறி வந்துவிட்டார். பிழையான வீட்டுக்குள் போய் வந்தவரைப் போல இரண்டு வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வளைவு எங்கை?"

தலைவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "அன்ரி, ஆக்கள் வந்து போக வசதியா இருக்கட்டுமெண்டுதான்..."

"ஆர் வந்து போக? பொம்பரோ?"

தலைவர் ஒலிவாங்கியைச் சரியாகப் பொத்தவில்லை. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

"உதை மூடினவன் ஆரடா?"

ஒப்பந்தக்காரர் மெல்ல நகர்ந்து பந்தல் காலுக்குப் பின்னால் போனார். மிஞ்சியது நான். மாமியின் விரல் தேடிவந்து என்னில் நின்றது. "நீயோ? அறிவெண்டு ஒண்டு இருக்கோடா உனக்கு? உந்த ஒழுங்கையிலை இப்ப ஒரு குண்டு விழுந்தா உதுக்குள்ளை ஒராளும் மிஞ்சாது. பங்கரோ வெட்டினனீ? குழாய் வெட்டி வைச்சிருக்கிறாய், குழாய்!"

அந்த நேரத்தில்தான் புகைப்படக்காரர் படம் எடுத்தார்.

மறுநாள் காலை நான் சண்டை பிடிக்கத்தான் போனேன். ஊர் பார்க்க ஏச்சு வாங்கினால் யாருக்கும் கோபம் ஏறும். மாமி விறாந்தையில் சாக்கை விரித்து வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தார், அழுகல் ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

"நான் சொன்னதைச் செய்தனான்" என்றேன். "ஏசுறதெண்டா தலைவரை ஏசுங்கோ."

"சொன்னதைச் செய்யிற ஆளோ நீ? நல்லது. இப்ப நான் சொல்லுறன், செய். ஹோலுக்குள்ளை போய் நேரை தெரியுற சுவரோடை நில்."

ஏன் என்று தெரியாமலே போய் நின்றேன். அவர் இருந்த இடத்திலிருந்து ஓர் அழுகல் வெங்காயத்தை எடுத்து வாசலால் எறிந்தார். என் நெற்றியில் பட்டது. அடுத்தது நெஞ்சில். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த வருத்தக்காரி எறிந்த எறி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

"என்ன மாமி, விசரோ உங்களுக்கு?"

"இப்ப பக்கத்து அறைக்குள்ளை போ. கதவைச் சாத்தாதை. சும்மா உள்ளை நில்."

போனேன். வெங்காயங்கள் ஹோல் சுவரில் அடித்துச் சிதறும் சத்தம் கேட்டது. ஏழெட்டு இருக்கும். ஒன்றும் என்னில் படவில்லை.

"படுதோ?"

"இல்லை."

"அந்த அறையைத்தான்ரா நீ மண் போட்டு மூடினனீ."

நான் வெளியே வந்தேன். கொண்டுபோன சண்டை எங்கேயோ விழுந்துவிட்டது. மாமி மறுபடி வெங்காயத்தில் குனிந்துகொண்டார். "சுவரைத் துடைச்சுப்போட்டுப் போ. சுகி வந்தா என்னைத்தான் பேசுவாள்."

நான் சுவரைத் துடைக்கத் துடைக்க அவர் மிச்சத்தைச் சொன்னார். சிவராசா மாமா பஸ்ஸில் கொண்டக்டர். பொம்பர் இரைச்சல் கேட்டால் கழுத்தில் கிடக்கும் விசிலை எடுத்து ஊதுவார். ஒழுங்கைச் சனமும் தரிப்பிடத்தில் நிற்கும் சனமும் ஓடிவரும். பஸ்ஸில் கத்துவதையே பங்கர் வாசலிலும் கத்துவார்: "அங்காலை போங்கோ, அங்காலை போங்கோ, உள்ளை இடமிருக்கு." முதலில் வந்தவர் கடைசி மூலைக்குப் போக வேண்டும். வளைவுக்கு முன்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. மிதிபலகையில் தொங்குகிற பழக்கம்தானே, மாமா எப்போதும் கடைசி ஆளாக வந்து திரும்புகிற மூலையில் குந்துவார்.

குண்டு விழுந்த அன்றைக்குப் பதினொரு பேர் உள்ளே நெருங்கிவிட்டார்கள். கடைசியில் தரிப்பிடத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். மிச்சம் இருந்தது ஓர் இடம், மாமாவுடையது. அவளை அதற்குள் தள்ளிவிட்டு அவர் நேர்ப்பகுதியில், மறித்த சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தார். குண்டு ஒழுங்கையில் விழுந்தது. வாசலால் வந்த சிதறல்கள் நேரே வந்தன. வளைவுக்கு அங்கால் இருந்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

"அந்தப் பொம்பிளை ஆர் மாமி?"

"ஆருக்குத் தெரியும்? பஸ்ஸுக்கு நிண்டவ."

"பிறகு வரேல்லையோ?"

"பஸ் வந்திருக்கும். ஏறிப் போயிருப்பா."

அதற்குப் பிறகு விசில் மாமியின் கழுத்துக்கு வந்தது. 'விசில் பவளம்' என்று ஊர் பட்டம் வைத்தது. குழு வைத்த பெயர்ப்பலகையில் "இப்பதுங்குகுழி பல உயிர்களைக் காத்தது" என்று எழுதியிருக்கிறது. சிவராசா மாமாவின் பெயர் இல்லை. மாமி அந்தப் பலகையைப் பற்றி ஒன்றுதான் சொன்னார்: "குழி காக்கேல்லை. குழிக்குள்ளை இருந்துதான் அவர் செத்தவர். வளைவுதான் காத்தது."

நான் புறப்படும்போது கேட்டார்: "அவர் சாய்ஞ்சிருந்த சுவரிலை ஒரு சிலிப்பர் கட்டை நிண்டதே, அது எங்கை?"

அது எங்கே என்று எனக்குத் தெரியும். நல்ல வைரமான கட்டை என்று நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். சேற்றில் பெக்கோ புதையும்போதெல்லாம் சில்லுக்குக் கீழே அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் போட்டுக் கழுவினேன். சேறும் எண்ணெயும் போனபின் மரத்துக்குள் புதைந்த மூன்று இரும்புத் துண்டுகள் தெரிந்தன. குந்தியிருக்கிற ஒரு மனிதனின் தலை உயரத்தில் இரண்டு. கொஞ்சம் கீழே ஒன்று. அதன்மேல் நான் எத்தனை தரம் இயந்திரத்தை ஏற்றினேன் என்று யோசித்தேன்.

கட்டையை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய் மாமியின் முன்னால் இறக்கினேன். அவர் மூன்று இரும்பையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அழவில்லை.

"உதை ஏன் என்னட்டைக் கொண்டந்தனீ? இருந்த இடத்திலை வை."

"அந்த இடம் இப்ப இல்லை மாமி."

"அது உன்ரை பாடு."

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வான்களில் ஆட்கள் வந்தார்கள். குழாய்க்குள் ஒரு பக்கத்தால் இறங்கி, விமானப் படத்துக்கு முன்னால் நின்று தங்களைப் படம் எடுத்து, மறுபக்கத்தால் ஏறினார்கள். மாமி வேலியோரம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, ஏறி வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "உது பங்கர் இல்லை ராசா. உதுக்குள்ளை இருந்திருந்தா செத்திருப்பியள்." குழு என்ன செய்தது? மாமியின் வளவுக்கும் பதுங்குகுழிக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குத் தகர வேலி அடித்தது. சொந்தப் புருஷன் செத்த இடத்தை அவர் பார்க்க முடியாதபடி தகரம்! மாமி தகரத்துக்குப் பின்னால் இருந்து விசில் ஊதினார். உள்ளே போன சனம் திடுக்கிட்டு வெளியே ஓடிவரும். தகரத்துக்கு மேலால் குரல் வரும்: "அங்காலை போங்கோ! என்ன, அங்காலை இல்லையோ? அப்ப என்ன செய்யப் போறியள்?"

கடைசியில் வளைவைத் திரும்ப வெட்டித் தரச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டு குழுக் கூட்டத்துக்கே போனார். ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனது நான். தலைவர் கடிதத்தை வாசித்து மடித்தார்.

"அன்ரியின்ரை உணர்வை நாங்கள் மதிக்கிறம். இரண்டாம் கட்டத்திலை பாப்பம்."

"இரண்டாம் கட்டம் எப்ப?"

"முதலாம் கட்டத்தின்ரை அறிக்கை முடியவேணும்..."

"தம்பி, இஞ்சை என்ரை கடைசிக் கட்டமே முடியப்போகுது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் ஊரில் ஒருவரை வாய் மூட வைக்க வேண்டுமென்றால் பொன்னாடைதான் போர்த்துவார்கள். படியிறங்கியதும் மாமி அதை உருவி என் கையில் தந்தார். "கட்டையைச் சுத்தி வை. மழைக்கு நனையும்."

தலைவரில் மட்டும்தான் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். இதைக் கையில் வைத்து வாசிக்கிற உங்களில் பலர் அந்த மூலைக்குள் குந்தியிருந்து உயிர் தப்பினவர்கள். திறப்பு விழாவில் நீங்களும் நின்றீர்கள். நேராய்ப் போய் நேராய் வந்தீர்கள். றோல்ஸ் சாப்பிட்டீர்கள். வளைவு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தரிப்பிடத்துக் கடைக்காரர் கந்தையா அண்ணையிடம் நான் நேரே கேட்டேன், அந்தப் பதினொரு பேரில் அவரும் ஒருவர்.

"ஏன் அண்ணை ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் தராசையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் வடிவெண்டு சொல்லிச்சினம். நான்தான் வயது போய் மாறி நினைச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சன்."

அதற்கு மேல் அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதன் தன் உயிர் தப்பிய இடத்தையே சந்தேகப்படும்படி செய்திருக்கிறோம், பெயின்ற் அடித்து.

மாமியைக் கடைசியாகப் பார்த்தது திரும்பவும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில், பின்னேரம், ஆட்களை உள்ளே விடும் நேரம். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு என்னைக் காட்டினார்: "உவன்தான் என்ரை பங்கரை இடிச்சவன்." அந்த அம்மா முதலில் முறைத்தார், பிறகு ஒரு தோடம்பழம் தந்தார்.

"என்னடா, வளைவை வெட்டிட்டியோ?" என்றார் மாமி.

"கேற் பூட்டு மாமி. சாவி தலைவரிட்டை."

"பெக்கோ வைச்சிருக்கிறவனுக்குச் சாவி என்னத்துக்கு?"

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு நான், "பாப்பம் மாமி" என்றேன்.

பார்ப்போம். தலைவர் சொன்ன அதே சொல். எனக்கு முதல் அவருக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு நின்றது. "நீயும் இரண்டாம் கட்டமோ?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் என்னோடு கதைத்தது அதுதான் கடைசி.

ஏன் நான் வெட்டவில்லை என்று கேட்பீர்கள். அதில் கை வைத்தால் இனி உனக்கு வேலை இல்லை என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். பயந்தேன். வேறு காரணம் இல்லை. ஒன்பதாம் நாள் அரியாலையில் அந்தப் படம் வந்தது.

செத்தவீட்டில் தலைவர் நீண்ட நேரம் பேசினார். "அம்மையாரின் கனவு நனவாகி நிமிர்ந்து நிற்கிறது" என்றார். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். சுகி அக்கா வந்து என் கையைப் பிடித்தார். "இப்ப வேண்டாம். எட்டு முடியட்டும்."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பெக்கோவைக் கொண்டுவந்தேன். நல்ல வெயில். களவாகச் செய்யவில்லை. கேற் பக்கம் போகவே இல்லை. சுகி அக்கா தானே தகரங்களைக் கழற்றி வழிவிட்டார். நான் மூடிய பகுதி அந்த வேலியை நோக்கித்தான் கிடந்தது, மேலே கொங்கிறீற் இல்லை. மேல்மண்ணை இயந்திரத்தால் அள்ளினேன். சுவர்க்கட்டு வந்ததும் இறங்கி மண்வெட்டியை எடுத்தேன். சிறிது நேரத்தில் பக்கத்தில் இன்னொரு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கந்தையா அண்ணை, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பிறகு இன்னும் ஆட்கள். மத்தியானத்துக்குள் நிலம் தெரிந்தது, காலால் மிதித்து இறுகிய பழைய நிலம். சுவரில் விளக்கு வைக்கும் குழியும் அதன் மேலே கரியும் அப்படியே இருந்தன. படம் வரைந்த சுவரை உள்ளிருந்து அலவாங்கால் தள்ளினேன். அள்ளிய மண்ணை மூட்டை கட்டி, நான் வெட்டிய நேர்வழியை மறித்து அடுக்கினோம். பொன்னாடையை அவிழ்த்துச் சிலிப்பர் கட்டையை எடுத்து, மூன்று இரும்பும் வாசலைப் பார்க்க, அது இருந்த இடத்தில் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை. கந்தையா அண்ணை படியால் இறங்கி, வளைவில் திரும்பி, கடைசி மூலைக்குப் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள்.

"தள்ளு, அது என்ரை இடம்."

"இத்தினை வருசத்துக்குப் பிறகும் உன்ரை இடமோ? அப்ப காணி உறுதி கொண்டா."

"அப்ப நீ இவ்வளவு மொத்தமில்லையடி."

ஏழு பேர். இடம் தாராளமாக இருந்தும் நெருங்கித்தான் இருந்தார்கள். திரும்புகிற மூலையில் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் படியேறி வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். ஒருவரும் தெரியவில்லை. கதைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

தலைவர் வந்தார். பொலிசுக்குப் போவேன் என்றார். பிறகு படியில் இறங்கி, உள்ளே குந்தியிருந்த சனத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். மறுநாள் குழுவின் வட்சப்பில் செய்தி: "பதுங்குகுழியின் இரண்டாம் கட்டப் பணிகள் வெற்றிகரமாக ஆரம்பம்." இதே மலரின் மூன்றாம் பக்கத்தில் அவருடைய அஞ்சலி இருக்கிறது. அதையும் வாசியுங்கள். ஒப்பந்தக்காரர் சொன்னபடியே என்னை நிறுத்திவிட்டார். வேறு ஆளின் இயந்திரத்தில் வேலை செய்கிறேன்.

மாமி இருக்கும்போது செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு காலைப் பொழுதுக்கு மேல் எடுக்கவில்லை. ஒரு காலைப் பொழுது!

கட்டை அதன் இடத்தில் நிற்கிறது. விசில் சுகி அக்காவிடம் இருக்கிறது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒரு படம். இந்த மலரின் அட்டையில் இருப்பது குழு கொடுத்தது, ஓரம் வெட்டிய படம். நான் புகைப்படக்காரரிடம் போய் வெட்டாத படத்தை வாங்கினேன். அதில் மாமியின் விரல் வெறும் வெளியைக் காட்டவில்லை. விரலுக்கு நேரே, வாயைத் திறந்தபடி நான் நிற்கிறேன். அதைப் பெக்கோவின் கண்ணாடியில், எனக்கு நேரே ஒட்டியிருக்கிறேன். "நேரா வெட்டு" என்று யாராவது சொன்னால் முதலில் அதைப் பார்க்கிறேன், பிறகு இறங்கிப் போய், அங்கே என்ன இருந்தது என்று கேட்கிறேன்.

மாமி இன்னும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறார். ஏசட்டும்.